புத்தாண்டு விருந்துக்கு அமெரிக்கத் தென்மாநிலப் பானங்கள்: 24 பேருக்கு எதைச் செய்வது?

செம்பருத்தி | டிசம்பர் 8

வணக்கம். அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு சிற்றூரில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் டிசம்பர் 31 இரவு விருந்தை ஆண்டுக்கு ஒரு வீட்டார் ஏற்றுக்கொள்வது வழக்கம். இம்முறை எங்கள் முறை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரையும் சேர்த்து 24 பேர். அதில் ஆறு பிள்ளைகள். பெரியவர்களில் ஆறு பேர் மதுவைத் தொடமாட்டார்கள்.

இதுவரை யார் வீட்டுக்குப் போனாலும் கையில் சமோசாத் தட்டோடு போனேன். இந்த முறை இந்த மண்ணின் பண்டங்களையே செய்து வைக்க வேண்டும் என்று ஆசை. இப்போதைக்கு என் காக்டெயில் பட்டியல்: மின்ட் ஜூலெப், சாசரக், ராமோஸ் ஜின் ஃபிஸ். என் கணவர் ஏற்கெனவே நான்கு குலுக்கு குவளைகள் வாங்கிவிட்டார். எங்கே தவறு செய்யப்போகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

கடலோடி | டிசம்பர் 8

மூன்றாவதில். ராமோஸை இப்போதே அடித்துவிடுங்கள்.

நியூ ஆர்லியன்ஸில் ஒன்பது ஆண்டு இருந்தவன் சொல்கிறேன். 1888இல் ஹென்றி ராமோஸ் தன் மதுக்கடையில் உருவாக்கிய பானம் அது. ஜின், எலுமிச்சைச் சாறு, பச்சை எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, பாலேடு, ஆரஞ்சுப் பூ நீர் சில துளி, கடைசியில் சோடா. மேகம்போல் நுரை எழும்பி நிற்கும். குடித்தால் பூவை விழுங்குவதுபோல் இருக்கும். ஆனால் அந்த நுரை சும்மா வராது. 12 நிமிடம் குலுக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ராமோஸ் இதற்கென்றே பையன்களை வரிசையாக நிறுத்தி, ஒருவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர் வாங்கிக் குலுக்கும்படி வைத்திருந்தார். உங்கள் வீட்டில் அப்படி எத்தனை பையன்கள் இருக்கிறார்கள்?

லூசியானாவின் அரசியல்வாதி ஹியூயி லாங்குக்கு இந்தப் பானத்தின் மேல் அப்படியொரு பித்து. 1935இல் நியூயார்க் ஓட்டல்காரர்களுக்கு இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுப்பதற்காக நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு மதுக்கலைஞரையே அழைத்துக்கொண்டு போனார். செனட்டருக்கு அது கட்டும். விருந்து வைக்கும் வீட்டுக்காரிக்குக் கட்டாது.

பனங்கற்கண்டு | டிசம்பர் 8

சாசரக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். உலகின் முதல் காக்டெயில் அதுதான்! பேஷோ என்ற மருந்துக்கடைக்காரர் முட்டைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்; அந்தக் கிண்ணத்தின் பிரெஞ்சுப் பெயரான கொக்கெத்தியே என்பதிலிருந்துதான் காக்டெயில் என்ற சொல்லே வந்தது.

தராசு | டிசம்பர் 9

அழகான கதை. ஆண்டுக்கணக்குதான் இடிக்கிறது. 1806 மே மாதமே நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் வெளிவந்த ஒரு செய்தித்தாள், காக்டெயில் என்றால் மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு சேர்ந்தது என்று விளக்கம் எழுதிவிட்டது. அப்போது அந்துவான் பேஷோ பாலகன். கடை வைத்துத் தன் கசப்புச் சாற்றை அவர் விற்றது 1830களில்.

சாசரக்கின் மெய்யான கதை இதைவிடச் சுவையானது. பெயர் வந்தது சாசரக் என்ற பிரெஞ்சு கோன்யாக் பிராந்தியிலிருந்து. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பூச்சி அழித்தது. பிராந்தி கிடைக்காமல் போகவே ரை என்ற தானியத்தின் விஸ்கியை ஊற்றினார்கள். குவளைக்கு மணமூட்டிய அப்சிந்த் என்ற சோம்புச் சாராயத்தை 1912இல் அமெரிக்காவில் தடை செய்தார்கள். பின்னர் அதன் இடத்துக்கு 1934இல் ஹெர்ப்சாண்ட் என்ற சோம்பு மணமுள்ள சாராயம் வந்தது. அடிப்படைப் பொருள்கள் இரண்டும் மாறிய பிறகும் பெயர் மட்டும் நிலைத்தது. 2008இல் லூசியானா சட்டமன்றம் அதை நியூ ஆர்லியன்ஸின் அதிகாரபூர்வ காக்டெயிலாக அறிவித்தது. எங்கள் ஊர் வீச்சரிவாளுக்குப் பிடியும் மாறி அலகும் மாறி இன்னும் "தாத்தா அரிவாள்" என்றுதான் பெயர்.

பனங்கற்கண்டு | டிசம்பர் 9

சரி ஐயா, முதல் என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சுவையைத் திரும்பப் பெறமாட்டேன். ஒரு கோப்பைக்கு: ஒரு சர்க்கரைக் கட்டியைப் பேஷோ பிட்டர்ஸ் மூன்று நான்கு சொட்டில் நனைத்து நசுக்கி, 60 மி.லி. ரை விஸ்கியும் ஐஸும் சேர்த்துக் கலக்க வேண்டும். குலுக்கக் கூடாது. இன்னொரு குளிர்ந்த குவளையின் உட்புறம் அப்சிந்தைச் சுழற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட்டு, ஐஸ் இல்லாமல் வடித்து ஊற்றுங்கள். எலுமிச்சைத் தோலை மேலே பிழிந்துவிட்டால் அதன் எண்ணெய் மிதக்கும்.

கடலோடி | டிசம்பர் 9

செய்முறை சரி. ஆனால் ஒருவருக்கு மூன்று நிமிடம், பன்னிரண்டு பேருக்கு? விருந்தினர் கூடத்தில், நீங்கள் அடுப்படியில். அதுவும் வெறும் விஸ்கிக்குப் பக்கத்தில் வைக்கும் பானம். மாலை ஏழு மணிக்கு இதைத் தொடங்கினால் பன்னிரண்டு மணிக்குப் புத்தாண்டு வருவதை யாரும் பார்க்கமாட்டார்கள்.

சவன்னாவாசி | டிசம்பர் 9

பிள்ளை செம்பருத்தி, இந்த ஆண்பிள்ளைகள் குவளை குவளையாகப் பேசிக்கொண்டிருக்கட்டும். நீ பஞ்ச் செய், ஒரே பெரிய கிண்ணத்தில் எல்லோருக்கும் சேர்த்துக் கலக்கும் பானம். தென்மாநிலத்துப் பெரிய வீடுகளின் விருந்து மரபே கிண்ணம்தான். முதல் நாளே பாதி வேலை முடிந்துவிடும். அன்றைக்கு ஊற்றிவிட்டு நீயும் புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்காரலாம்.

நான் இருபத்திரண்டு ஆண்டாக சவன்னாவில் இருக்கிறேன். இந்த ஊரின் பெருமை சாத்தம் பீரங்கிப்படை பஞ்ச். 1786இல் தொடங்கிய தொண்டர் படை அது. ஜார்ஜ் வாஷிங்டன் அவர்களுக்குப் பரிசளித்த இரண்டு பீரங்கிகள் இன்றும் பே தெருவில் இருக்கின்றன. 1850களில், ஊர் திரும்பிய இன்னொரு தொண்டர் படையை வரவேற்க இந்தப் பஞ்சைச் செய்தார்கள் என்று பழைய செய்தித்தாள் ஒன்றில் குறிப்பு உண்டு. கிண்ணம் போதாமல், குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வாளிகளில் ஐஸை நிரப்பி அதில் ஊற்றினார்களாம்.

செய்முறையின் உயிர் எலுமிச்சைத் தோலில் இருக்கிறது. 12 மஞ்சள் எலுமிச்சையின் தோலை வெள்ளைப் பகுதி வராமல் மெல்லியதாகச் சீவு. 450 கிராம் சர்க்கரையோடு சேர்த்து மரக்கரண்டியால் அழுத்திப் பிசைந்து, ஒரு சாடியில் மூடி இரவு முழுவதும் வை. காலையில் பார்த்தால் சர்க்கரை ஈரமாகி, தோலின் எண்ணெய் முழுவதும் அதில் இறங்கியிருக்கும். நம் வீட்டில் நார்த்தங்காயை உப்பில் போட்டு வைத்தால் மறுநாள் நீர் விட்டிருக்குமே, அதே கூத்துதான். அந்தப் பழங்களின் சாறு அரை லிட்டர் அளவு ஊற்றிச் சர்க்கரை கரையும்வரை கலக்கி, தோலை வடித்தெடு. பிறகு போர்பன் விஸ்கி, கோன்யாக், ஜமைக்கா ரம் ஒவ்வொரு பாட்டில். பரிமாறும்போது ஐஸ் நிரப்பிய பாத்திரத்தில் இதை ஊற்றி, இனிப்பில்லாத ஷாம்பெயின் மூன்று பாட்டில் சேர்த்து, மேலே ஜாதிக்காயைத் துருவு.

குடிக்கும்போது எலுமிச்சை ரசம்போல் இருக்கும். அதுதான் ஆபத்து.

தராசு | டிசம்பர் 10

ஆபத்தை எண்ணிப் பார்த்தேன். மூன்று மதுவும் 40 சதவீதம் என்றால் 2,250 மி.லி.யில் சுத்தச் சாராயம் 900 மி.லி. ஷாம்பெயினை 12 சதவீதம் என்று வைத்தால் இன்னும் 270. மொத்தம் 1,170 மி.லி. ஒரு சாதாரண கேன் பீரில் இருப்பது சுமார் 18 மி.லி. ஆக அந்த வாளிக்குள் 65 பீர் இருக்கிறது. செம்பருத்தி வீட்டில் குடிப்பவர்கள் 12 பேர். ஆளுக்கு ஐந்துக்கும் மேல்.

எல்லாவற்றையும் சரிபாதியாக்குங்கள். கோப்பை 100 மி.லி.க்கு மேல் வேண்டாம். கிண்ணத்துக்குப் பக்கத்தில் பெரிய அகப்பையை வைத்தால் எந்தக் கணக்கும் நிற்காது, சின்னதாக வையுங்கள். யார் கார் ஓட்டுகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

செம்பருத்தி | டிசம்பர் 10

அக்கா, தராசு ஐயா, இருவருக்கும் நன்றி. பாதி அளவு என்று முடிவு. நல்லவேளையாக எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் நடந்துதான் வருவார்கள். குடிக்காதவர்களுக்கு என்ன செய்வது? ஒரு மூலையில் கோலா பாட்டிலை வைத்து "உங்களுக்கு அது" என்று காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலெப்பையும் விட மனமில்லை. வெள்ளிக் குவளை எட்டு இருக்கிறது. உண்மையில் அவை என் கல்யாணச் சீர் டம்ளர்கள்.

சவன்னாவாசி | டிசம்பர் 10

எலுமிச்சைச் சர்க்கரையை இரண்டு பங்காகச் செய்துகொள். ஒன்று பஞ்சுக்கு. மற்றதில் சாறும், ஆறவைத்த திக்கான தேநீரும், பரிமாறும்போது ஜிஞ்சர் ஏல் என்ற மதுவில்லாத இஞ்சிச் சோடாவும் ஊற்று. பழைய பஞ்ச் செய்முறைகள் பலவற்றில் தேநீர் உண்டு. சார்ல்ஸ்டனின் செயின்ட் சிசிலியா பஞ்சில் பச்சைத் தேநீர்தான் நடுநாயகம். ஆகவே இது குழந்தைப் பானம் இல்லை. அதே மாதிரிக் கிண்ணம், அதே ஜாதிக்காய், அதே கண்ணாடிக் கோப்பை. எது எது என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பது மட்டும் முக்கியம்.

திருவல்லிக்கேணி | டிசம்பர் 11

ஜூலெப் பற்றி நான் சொல்கிறேன். சீர் டம்ளரில் செய்வதைப் போலப் பொருத்தம் வேறில்லை. ஜூலெப் என்ற சொல் பாரசீகத்தின் குலாப், அதாவது பன்னீர், என்பதிலிருந்து அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. நம் குலாப் ஜாமூனுக்குச் சொல்முறையில் ஒன்றுவிட்ட சகோதரி. கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் வென்ற குதிரைக்கு ரோஜா மாலை. பார்வையாளர் கையில் ஜூலெப். லூயிவில் நகரில் 1875 முதல் நடக்கும் பந்தயம் அது. பன்னீரை விட்டுவிட்டுப் புதினாவுக்குப் போன பானம், ரோஜாவிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

செய்முறை நான்கு வரி. புதினா இலை எட்டுப் பத்து, சர்க்கரைப் பாகு 15 மி.லி., இவற்றைக் குவளையின் அடியில் மெல்ல அழுத்துங்கள். துவையல் அரைப்பதுபோல் இடித்தால் கசக்கும். பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான். போர்பன் 60 மி.லி. பொடித்த ஐஸைக் குவியலாக நிரப்பி, வெளிப்புறம் வெண்பனி பூக்கும்வரை கலக்குங்கள். குவளையின் நடுவில் கைபட்டால் பனி கலைந்துவிடும், விளிம்பைப் பிடியுங்கள். மேலே ஒரு கொத்துப் புதினா, மூக்குக்கு நேரே.

இதில் ஐஸ்தான் ஆடம்பரம். போர்பன் மக்காச்சோளத்திலிருந்து வருவது, குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருந்தால்தான் அந்தப் பெயரே கிடைக்கும். சோளம் அங்கே மலிவு. ஆனால் கோடையில் ஐஸ்? பாஸ்டனின் பிரெடரிக் டியூடர் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். சார்ல்ஸ்டன், சவன்னா, நியூ ஆர்லியன்ஸ் என்று அவருடைய கப்பல்கள் இறக்கிய ஐஸில்தான் தெற்கத்திக் கனவான்களின் ஜூலெப் குளிர்ந்தது. அதே டியூடரின் ஐஸ் எங்கள் பேட்டைக்கும் வந்தது. 1842இல் அதைச் சேமிக்கக் கட்டிய கட்டடத்தை, விவேகானந்தர் இல்லமாகி இத்தனை காலத்துக்குப் பிறகும், ஐஸ் ஹவுஸ் என்றுதான் பஸ் நடத்துநர் கூவுகிறார்.

நடுப்பகல் | டிசம்பர் 11

கனவான்கள் குடித்தார்கள், சரி. கலக்கியது யார்?

வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஜான் டாப்னி என்ற கறுப்பினத்தவர் இருந்தார். அடிமையாகப் பிறந்தவர். அவர் கலக்கிய ஜூலெப்பைத் தேடி ஆட்கள் வந்தார்கள். எசமானருக்குப் போக மிஞ்சிய சம்பாத்தியத்தில் மனைவியின் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார். தன் விடுதலைக்கும் தவணை கட்டிவந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகும் பாக்கித் தவணையைக் கட்டி முடித்தார் என்று படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. கட்டியிருக்க வேண்டாமே என்று இன்றும் கோபம் வருகிறது.

அடுத்தவர் டாம் புல்லக். 1872இல் லூயிவில்லில் பிறந்தவர். செயின்ட் லூயியில் ஒரு மன்றத்தில் மதுக்கலைஞர். தன்னைக் குடிகாரர் என்று எழுதிய பத்திரிகைக்காரர்மேல் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் தொடுத்த வழக்கு 1913இல் விசாரணைக்கு வந்தது. புல்லக்கின் மன்றத்தில் கொடுத்த ஜூலெப்பில் ஓரிரு வாய்தான் பருகினேன் என்று சாட்சியம் சொன்னார். புல்லக்கின் ஜூலெப்பை ஓரிரு வாயோடு வைக்கிறவன் உலகத்தில் உண்டா என்று உள்ளூர்ப் பத்திரிகை தலையங்கமே எழுதியது. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்த நஷ்டஈடு ஆறு சென்ட். 1917இல் புல்லக் காக்டெயில் நூல் வெளியிட்டார். கறுப்பின அமெரிக்கர் ஒருவர் எழுதி வெளிவந்த முதல் காக்டெயில் நூல் அது. டென்னசியிலும் இதே கதைதான்: ஜாக் டேனியலுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அடிமையாக இருந்த நியரஸ்ட் கிரீன். ஓக் மரங்களுக்கடியில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் படத்தோடு வரும் விருந்துக் குறிப்புகளில் இவர்கள் பெயரை நான் பார்த்ததில்லை.

கடலோடி | டிசம்பர் 11

ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒன்பது ஆண்டு குடித்திருக்கிறேன், டாப்னியின் பெயரை இன்றுதான் கேட்கிறேன்.

மிளகுரசம் | டிசம்பர் 12

குடியைப் பற்றி இத்தனை பதிவு, சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. வெறும் வயிற்றில் பீரங்கிப்படையா?

புத்தாண்டு என்றால் ஹாப்பின் ஜான் கட்டாயம். பயப்படாதீர்கள், நம் காராமணிச் சோறுதான். கோவைப் பக்கத்தில் தட்டாம்பயறு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த பயறு அது. கரோலினா நெல்வயல்களில் உழைத்தவர்களும் அவர்களே. புகையூட்டிய பன்றி எலும்போடு பயற்றை வேகவைத்து, அந்த நீரிலேயே அரிசியைப் போடுவார்கள். மாமனார் சைவம் என்றால் வெங்காயம், பிரிஞ்சி இலை, புகையூட்டிய மிளகாய்த்தூள் போதும். கூடவே காலர்ட் கீரை, அது பண நோட்டுக்கு அடையாளம். சோளரொட்டி, அது தங்கம். பயறு, அது நாணயம். பொங்கலுக்குப் பால் எந்தத் திசையில் வழிகிறது என்று பார்க்கிறோமே, அவர்களுக்கு இது.

கோழிக்கு கன்ட்ரி கேப்டன் செய்யுங்கள். சார்ல்ஸ்டனும் சவன்னாவும் தங்களுடையது என்று சண்டை போடும் குழம்பு: மாவில் புரட்டி வறுத்த கோழி, வெங்காயம், குடைமிளகாய், தக்காளி, கறிப்பொடி, உலர்திராட்சை, மேலே வறுத்த பாதாம். பெயரிலேயே வழி தெரிகிறது. இந்தியக் கடலில் ஓடிய உள்நாட்டு வணிகக் கப்பல்களைத்தான் ஆங்கிலேயர் கன்ட்ரி கப்பல் என்றார்கள். நம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இதே பெயரில், திராட்சை பாதாம் இல்லாமல், மஞ்சளும் மிளகாயும் வெங்காயமுமாக இன்றும் செய்கிறார்கள்.

கொறிக்க சீஸ் ஸ்ட்ரா. 225 கிராம் நன்கு முதிர்ந்த செடார் துருவியது, 115 கிராம் வெண்ணெய், ஒன்றரைக் கப் மைதா, உப்பு, காரமான மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. பிசைந்து முறுக்குக் குழலில் நட்சத்திர வில்லை போட்டுப் பிழியுங்கள். 180 டிகிரி செல்சியஸில் ஓரம் சிவக்கும்வரை, 12 முதல் 15 நிமிடம். இவர்கள் இதற்கென்று தனிக்கருவி வாங்குகிறார்கள்; என் பித்தளை நாழி அதைவிட நன்றாகப் பிழிகிறது.

பனங்கற்கண்டு | டிசம்பர் 12

இனிப்புக்கு அம்ப்ரோசியா. ஆரஞ்சுச் சுளை ஒரு அடுக்கு, புதுத் தேங்காய்த் துருவல் ஒரு அடுக்கு, மேலே சர்க்கரை. மார்ஷ்மல்லோவும் சேர்ப்பார்கள்.

சவன்னாவாசி | டிசம்பர் 12

சேர்க்கமாட்டார்கள்! 19ஆம் நூற்றாண்டின் கிறிஸ்துமஸ் மேசையில் ஆரஞ்சும் தேங்காயும்தான் இருந்தன. டப்பா பழமும் மார்ஷ்மல்லோவும் பின்னால் வந்த வினை. ஆரஞ்சின் மேல்தோலையும் நாரையும் உரித்துச் சுளையாக எடு, தேங்காயை நீயே துருவு, அவ்வளவுதான்.

போர்பன் உருண்டையும் செய்துவை பிள்ளை. கென்டக்கி மாநிலத்தின் பிராங்க்ஃபோர்ட் நகரில் ரூத் பூ அம்மாள் 1930களில் உருவாக்கிய இனிப்பு. வீட்டு முறைக்கு அடுப்பே வேண்டாம்: வெனிலா பிஸ்கட் பொடி, பெக்கான் பருப்புப் பொடி, கோகோ, பொடித்த சர்க்கரை, சோளப்பாகு, 80 மி.லி. போர்பன். பிசைந்தால் நாற்பது உருண்டை வரும். மூன்று நாள் டப்பாவில் இருக்கட்டும்.

செம்பருத்தி | ஜனவரி 2

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நடந்ததைச் சொல்கிறேன்.

பஞ்ச், பாதி அளவு, 11 மணிக்கே தீர்ந்தது. யாரும் தள்ளாடவில்லை. எதிர்பாராதது, தேநீர்க் கிண்ணம் அதற்கு முன்பே தீர்ந்ததுதான். குடிப்பவர்களும் இடையிடையே அதற்கு வந்துவிட்டார்கள். அடுத்த முறை இரண்டு மடங்கு வேண்டும். எலுமிச்சைச் சர்க்கரையில் என் பெண் தோலை வடிப்பதற்குமுன் பாதியைத் தின்றுவிட்டாள்.

ஜூலெப் எட்டோடு நிறுத்தினேன். ஐஸ் பொடிக்கத் துணிப்பையில் கட்டி இட்லிமாவுக் கல்லின் குழவியால் அடித்தோம். சீர் டம்ளரில் பனி பூத்ததைப் பார்த்து என் கணவர் மூன்று படம் எடுத்தார். நான்கு குலுக்கு குவளைகளும் பெட்டியிலேயே இருக்கின்றன. சீஸ் ஸ்ட்ரா பிழிய நாழியை எதிர்வீட்டு அம்மாள் இரவல் வாங்கிப் போயிருக்கிறார்.

தவறு ஒன்று நடந்தது. கிண்ணங்களுக்குப் பெயர் எழுதி வைத்தேன், உருண்டைத் தட்டுக்கு எழுதவில்லை. மாமனார் எழுபத்திரண்டு ஆண்டாக மதுவை மோந்தும் பார்க்காதவர். "எள்ளுருண்டையா அம்மா?" என்று கேட்டார், நான் கவனிக்காமல் ஆமாம் என்பதுபோல் தலையாட்டியிருக்கிறேன். நான்கு சாப்பிட்டுவிட்டார். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. அவரிடம் சொல்வதா வேண்டாமா?

தராசு | ஜனவரி 2

80 மி.லி. போர்பன், 40 உருண்டை. நான்கு உருண்டையில் எட்டு மி.லி. அதில் சாராயம் மூன்று மி.லி. சொச்சம். சில இருமல் மருந்துகளிலும் கொஞ்சம் சாராயம் இருக்கும். உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது அவருடைய விரதம், அதனால் சொல்லிவிடுங்கள்.

செம்பருத்தி | ஜனவரி 3

சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அடுத்த தடவை எழுதி வை" என்றார். சாயங்காலம் சமையலறைக்கு வந்து, அது இல்லாமல் அந்த உருண்டையைச் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆரஞ்சுச் சாறு விட்டுப் பிசையலாம் என்று நினைக்கிறேன். கோகோவோடு சேருமா அக்கா?